ஐந்து வாரத்தில் வளையும் காது

குழந்தை பிறந்த செய்தி வந்ததும் நம் ஜனங்கள் கேட்கிற கேள்விகளை வரிசையாக எழுதிவிடலாம். ஆணா, பெண்ணா? சுகப் பிரசவமா, ஆபரேஷனா? எடை எத்தனை? யார் ஜாடை? அப்புறம் மூக்கு. இந்த மூக்கு விஷயத்தில் மட்டும் இரு சம்பந்திகளுக்கும் நடுவே ஒரு சிறு மகாநாடே நடந்து, எந்தத் தீர்மானமும் நிறைவேறாமல் கலையும்.

காதைப் பற்றி யாராவது கேட்டதுண்டா? பாட்டிமார்கள் காதைப் பார்ப்பதென்னவோ உண்மை. ஆனால் அவர்கள் பார்ப்பது நிறத்துக்காக. காது மடலின் நுனி எப்படி இருக்கிறதோ அதுதான் குழந்தையின் பிற்கால நிறம் என்று ஒரு ஜோசியம் நம் ஊர்களில் இருக்கிறது. அந்த நுனி மடிந்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா, கிண்ணம் போல் குவிந்திருக்கிறதா என்று யாரும் கவனிப்பதில்லை. கவனித்தாலும், "வளர வளரச் சரியாகிவிடும்" என்ற ஒரே வாக்கியத்தில் விசாரணை முடிந்துவிடும்.

சில காதுகள் தாமாகவே சரியாகிவிடுகின்றன என்பதும் மெய்தான். சரியாகாமல் நின்றுவிடுகிற காதுகளின் கதையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அந்தக் காதுகளையும் கத்தி இல்லாமல், மயக்க மருந்து இல்லாமல், ஒரு துளி ரத்தம் சிந்தாமல் திருத்திவிடலாம். வேண்டியதெல்லாம் ஒரு மெல்லிய குழாய்த் துண்டு, கொஞ்சம் ஒட்டு நாடா, பழகிய கை. ஒரே ஒரு நிபந்தனைதான் உண்டு. பிறந்த முதல் சில வாரங்களுக்குள் செய்ய வேண்டும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்களே, இங்கே அந்த ஐந்து ஐந்து வயதல்ல. ஐந்து வாரம்!

ஆறு மேடுகள்

கண்ணாடி முன் நின்று உங்கள் காதைச் சற்று நிதானமாகப் பாருங்கள். என்ன ஒரு சிக்கலான வேலைப்பாடு! வெளிவிளிம்பு ஒரு வரப்பு. அதற்கு உள்ளே ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு அப்பால் இன்னொரு வரப்பு, அது மேலே போய் இரண்டு கிளையாகப் பிரிகிறது. நடுவே ஒரு குழி. கீழே எலும்பும் இல்லாத, குருத்தெலும்பும் இல்லாத, வெறும் தோலும் கொழுப்புமான சோணை.

தாயின் வயிற்றில் கரு தரித்து ஐந்தாறு வாரத்தில், கழுத்தை ஒட்டிய இடத்தில் ஆறு குட்டி மேடுகள் எழும்புகின்றன. இதைக் கண்டு 1885-ல் விவரித்தவர், சுவிட்சர்லாந்தில் பிறந்த உடற்கூற்றுப் பேராசிரியர் வில்ஹெல்ம் ஹிஸ் என்பவர். இந்த ஆறு மேடுகளும் வளர்ந்து, ஒன்றோடொன்று கூடி, கழுத்தருகிலிருந்து மெல்ல மேலேறி வந்து தலையின் பக்கவாட்டில் குடியேறுகின்றன. கர்ப்பத்தின் பாதிக் காலம் கடக்கும்போது காது காதாகிவிடுகிறது. இத்தனை மேடு பள்ளங்களை இத்தனை சின்ன இடத்தில் இசைத்து முடிக்கும்போது, எங்கேயாவது ஒரு மடிப்பு பிசகுவதில் ஆச்சரியம் என்ன? பிசகாமல் இத்தனை பேருக்கு அமைந்திருக்கிறதே, அதுதான் ஆச்சரியம்.

பிசகு இரண்டு வகை. கருவிலேயே தோலோ குருத்தெலும்போ போதிய அளவு உண்டாகாமல் போவது ஒன்று. சரக்கெல்லாம் சரியாக இருந்தும், கர்ப்பப்பையின் நெருக்கடியாலோ, காதைச் சுற்றியுள்ள சிறு தசைகள் இழுக்கிற இழுப்பாலோ வடிவம் மட்டும் கோணிப்போவது மற்றொன்று. துணியே குறைவாக எடுத்துத் தைத்த சட்டைக்கும், நல்ல சட்டை பெட்டியில் கசங்கிக் கிடந்ததற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கசங்கியதற்கு இஸ்திரி போட்டால் போதும். நாம் பேசப்போவது பெரும்பாலும் கசங்கிய காதுகளைப் பற்றித்தான்.

இந்த இரண்டையும் வேறுபடுத்த டாக்டர்கள் செய்கிற முதல் பரீட்சை மிக எளியது. விரல் நுனியால் குழந்தையின் காதை மெதுவாகச் சரியான வடிவத்துக்கு நிமிர்த்திப் பார்க்கிறார்கள். நிமிர்ந்து, பார்க்க அழகான காதாக நின்றால், அது வெறும் கோணல். நிமிர்த்தியும் ஏதோ குறைகிறது, இழுத்தும் எட்டவில்லை என்றால், அது உண்டாகாமல் போன காது.

பெயர் வைத்த கோணல்கள்

கோணல் காதுகளிலும் குடும்பங்கள் உண்டு. மேல் விளிம்பு முன்புறம் மடிந்து தொங்குவது ஒன்று. நாய்க்குட்டியின் காது போல என்று சொல்லிக் கொஞ்சலாம், குழந்தைக்கு ஒரு வயது வரை. தலையோடு ஒட்டாமல் விரிந்து நிற்பது இன்னொன்று. இதற்கு நம் பள்ளிக்கூடத்துப் பையன்கள் வைத்திருக்கும் பெயர் முறக்காது. மடலின் விளிம்பு கயிறு இழுத்துக் கட்டிய சுருக்குப் பை போல் குறுகிப்போவது மூன்றாவது. மேல் நுனி கூர்மையாக நீண்டு நிற்பதை ஸ்டால் காது என்பார்கள். அமெரிக்கர்கள் 1966-ல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் என்ற டெலிவிஷன் தொடரைப் பார்த்துவிட்டு, அதில் வரும் ஸ்பாக் என்ற வேற்றுக் கிரகக்காரரின் பெயரை அதற்குச் சூட்டிவிட்டார்கள்.

எல்லாவற்றிலும் விசித்திரமானது, மேல் காது தலையின் தோலுக்கு அடியில் புகுந்து ஒளிந்துகொள்வது. இழுத்தால் வெளியே வரும்; விட்டால் உள்ளே போய்விடும். ஜப்பானியர்கள் இதை ஃபுகுரோமிமி, அதாவது பைக்காது என்கிறார்கள். அந்த நாட்டில் இது மற்ற நாடுகளைவிட அதிகம். இதில் அழகுக் குறை இருக்கட்டும்; மூக்குக் கண்ணாடியின் கால் நிற்பதற்கு அங்கே இடமே இல்லை! கொரோனா காலத்தில் முகக் கவசம் மாட்டிக்கொண்டு அலைந்த நமக்கு, காதுக்கும் தலைக்கும் இடையே உள்ள அந்தச் சின்ன இடுக்கின் அருமை தெரியும்.

ஜப்பானியர்கள் இந்த விஷயத்தில் முன்னோடிகளானது தற்செயல் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. காலில் முள் குத்தியவன்தானே முள்வாங்கி தேடுவான்?

ஜப்பானிய டாக்டர் கண்டது

பழைய நாளில் காது திருத்தம் என்றால் கத்திதான். 1881-ல் நியூயார்க்கில் எலி என்ற டாக்டர், காது விரிந்து நின்ற 12 வயதுப் பையன் ஒருவனுக்கு ஆபரேஷன் செய்தார். பையனுக்கு உடம்பில் ஒரு நோயும் இல்லை. கூடப் படித்தவர்களின் கேலிதான் நோய். அதற்குப் பிறகு எத்தனையோ முறைகள் வந்தன. எல்லாமே குழந்தைக்கு ஐந்தாறு வயதாகும் வரை காத்திருந்து செய்கிற முறைகள். அந்த வயதுக்குள் காது ஏறக்குறைய முழு வளர்ச்சியை எட்டிவிடுகிறது என்பது ஒரு காரணம். அதற்குள் பள்ளிக்கூடம் தொடங்கிவிடுகிறது. பட்டப் பெயரும் வந்துவிடுகிறது.

1984-ல் கியோஷி மத்சுவோ என்ற ஜப்பானிய டாக்டரும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிறந்த சில நாட்களே ஆன சிசுக்களின் காதுகளை ஆபரேஷன் இல்லாமல், அச்சில் வைத்து ஒட்டியே சரிசெய்துவிடலாம் என்பதுதான் செய்தி. குழந்தை பிறந்த உடனே காதின் குருத்தெலும்பு மெழுகு போல் இளகியிருக்கிறது. நாளாக ஆக அந்த இளக்கம் போய், வில் போல் துள்ளத் தொடங்குகிறது என்பதை அவர்கள் கண்டார்கள். இளக்கம் உள்ளபோது எந்த வடிவத்தில் நிறுத்திவைக்கிறோமோ, அந்த வடிவத்திலேயே அது நிலைத்துவிடுகிறது.

அவர்கள் கவனித்த இன்னொன்றும் சுவையானது. பிறந்தவுடன் பார்த்தால் மிகப் பல சிசுக்களின் காதுகளில் ஏதாவது ஒரு கோணல் இருக்கிறது. இவற்றில் கணிசமானவை தாமாகவே நிமிர்ந்துவிடுகின்றன. ஆனால் விரிந்து நிற்கும் முறக்காது மட்டும் நேர்மாறு. பிறக்கும்போது மிகச் சிலருக்கே இருக்கிறது. ஒரு வயதில் பார்த்தால் பன்மடங்கு பேருக்கு! அப்படியானால் அந்தக் கோணல் தாய் வயிற்றில் வந்ததல்ல. பிறந்த பிறகு, படுத்த வாகில் வந்ததும் உண்டு என்று அவர்கள் கருதினார்கள். பாட்டியின் "வளர வளரச் சரியாகிவிடும்" இங்கே பாதிக் கிணறுதான் தாண்டுகிறது. சில காதுகள் வளர வளரச் சரியாகின்றன. சில வளர வளரக் கெடுகின்றன.

சரி, அந்த இளக்கம் எங்கிருந்து வருகிறது? டாக்டர்கள் தரும் விளக்கம் இது. கர்ப்ப காலத்தில் தாயின் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் பெருகியிருக்கிறது. அது சிசுவின் உடம்பிலும் ஊறியிருக்கிறது. அதன் செல்வாக்கில் குருத்தெலும்பில் ஹயலுரானிக் அமிலம் என்ற வழவழப்பான பொருள் மிகுந்து, எலும்பு இளகியிருக்கிறது. தொப்புள்கொடி அறுந்ததும் வரத்து நின்றுபோகிறது. முதல் சில நாட்களுக்குப் பிறகு சிசுவின் ரத்தத்தில் அந்த ஹார்மோன் மளமளவென்று குறைந்து, ஏறக்குறைய ஆறு வாரத்தில் மற்றக் குழந்தைகளுக்கு உள்ள அளவுக்கு வந்துவிடுகிறது. தாய் தன் உடம்பிலிருந்து குழந்தைக்குக் கொடுத்தனுப்பிய சீதனம் என்று சொல்லலாம். ஆறு வாரத்தில் செலவழிந்துபோகிற சீதனம்.

பனங்குருத்தைப் பார்த்திருப்பீர்கள். பச்சையாக இருக்கும்போது மடித்தால் மடியும், முடைந்தால் முடையும். வெயிலில் ஒரு வாரம் கிடந்த பிறகு அதே ஓலையை மடித்துப் பாருங்கள், ஒடியும்.

அவலூர்பேட்டையில் ஒரு வீடு

செஞ்சிக் கோட்டைக்கு வடமேற்கே, மேல்மலையனூர் தாலுகாவில் இருக்கிறது அவலூர்பேட்டை. சித்தகிரி முருகன் கோயிலும் வாரச் சந்தையும் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை. வேர்க்கடலையும் நெல்லும் விளைகிற பூமி. அங்கே ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தலைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண். திருவண்ணாமலை பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவமாகி, சில நாட்களில் வீடு திரும்பியாயிற்று. குழந்தையின் வலது காது மட்டும் மேலே மடிந்து தொங்குகிறது.

பார்க்க வந்த பக்கத்து வீட்டம்மாள் கேட்பாள்: "இன்னாம்மா, புள்ளைக்குக் காது மடங்கிக் கெடக்குது?"

ஆயா விட்டுக்கொடுப்பாளா? "அது வவுத்துல கெடந்த வாட்டம். வளந்தா சரியாப் பூடும். இவன் தாத்தனுக்கே அப்டித்தான் இருந்துச்சாம்."

அடுத்து வருகிறவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு அந்தப் பெண்ணிடமே கேட்பாள்: "ஏண்டி, கிரகணத்தப்ப வெளிய கிளிய வந்துட்டியா?"

இந்த மூன்றாவது கேள்விதான் என்னைச் சுடுகிறது. பத்து மாதம் சுமந்து பெற்றவளை, பெற்ற அலுப்புத் தீருமுன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற கேள்வி. கிரகணத்துக்கும் காதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வெற்றிலை நறுக்கியதாலோ, துணி கிழித்ததாலோ காது மடிவதில்லை. நெருக்கடியான இடத்தில் ஒன்பது மாதம் ஒடுங்கிக் கிடந்த ஒரு சிறு உடம்பின் கசங்கல் அது. விரிந்து நிற்கும் காது சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வருகிறது. அவ்வளவுதான். ஆயாவின் விளக்கம் உண்மைக்கு எவ்வளவோ அருகில் இருக்கிறது, பாருங்கள்!

ஆனால் இந்த வீட்டில் காலம் எப்படிக் கழிகிறது என்பதையும் பாருங்கள். பிரசவித்தவள் அறையை விட்டு வெளியே வரக்கூடாது. பச்சைக் குழந்தையைக் காற்றுப்பட வெளியே கொண்டுபோகக் கூடாது. தீட்டுக் கழிக்க வேண்டும், பெயர் வைக்க வேண்டும். முப்பது நாள், நாற்பது நாள் என்று குடும்பத்துக்கு ஒரு கணக்கு. தாயும் சேயும் இளைப்பாறட்டும் என்று நம் முன்னோர் வகுத்த அருமையான ஏற்பாடு இது. நான் குறை சொல்லவில்லை. எனினும் காதின் கடிகாரமும் அதே நாற்பது நாளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது. குழந்தையை முதன்முதலாக வெளியே எடுத்து வந்து, "இந்தக் காதைக் கொஞ்சம் பாருங்கள் டாக்டர்" என்று கேட்கிற அந்த நாளில் சீதனம் தீர்ந்துபோயிருக்கும்.

ஆஸ்பத்திரியில் பிரசவம் நடப்பது இப்போது தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் வழக்கமாகிவிட்டது. இதனால் ஒரு பெரிய சௌகரியம். முதல் இரண்டு மூன்று நாள் குழந்தை டாக்டரின் கண்ணெதிரிலேயே இருக்கிறது. வீடு திரும்பு முன்பே கேட்டுவிடலாம் அல்லவா?

எப்படிச் செய்கிறார்கள்?

செய்முறையைக் கேட்டால், இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். முதலில் காதைச் சுற்றியுள்ள இடத்தை நன்றாகத் துடைத்து, எண்ணெய்ப் பசை நீக்குகிறார்கள். காதுக்குப் பின்னால் நாடா ஒட்ட வேண்டிய இடத்தில் கொஞ்சம் முடியை மழிக்கிறார்கள். சிசுவுக்கு மூக்கு வழியே பால் செலுத்தப் பயன்படுகிறதே, அதுபோன்ற மெல்லிய குழாயில் ஒரு சிறு துண்டு. அதற்குள்ளே வளைத்தால் வளைந்தபடி நிற்கிற மெல்லிய கம்பி. இதை நல்ல காதின் விளிம்பு எப்படி வளைகிறதோ அப்படி வளைத்து, முன்பு சொன்னேனே அந்த வாய்க்காலில் படுக்க வைக்கிறார்கள். மடிந்த விளிம்பை அதன் மேல் நிமிர்த்தி, தோலை உறுத்தாத ஒட்டு நாடாத் துண்டுகளால் பிடித்துக் கட்டுகிறார்கள். முறக்காதாக இருந்தால், பின்புறம் தலையோடு அணைத்து ஒட்டுகிறார்கள். பல் டாக்டர்கள் அச்செடுக்கப் பயன்படுத்தும் பசையைக் காதின் மேடு பள்ளங்களில் இட்டு இறுக விடுகிறவர்களும் உண்டு.

குழந்தை அழாதா என்கிறீர்களா? காதைப் பிடித்ததற்காகக் கொஞ்சம் அழும். வலியென்று சொல்லும்படி ஒன்றுமில்லை. பால் குடித்துக்கொண்டே தூங்கிப்போகிற குழந்தைக்குத் தூக்கத்திலேயே கட்டி முடித்துவிடுகிறவர்கள் உண்டு.

பிறகு பொறுமைதான் மருந்து. சில நாட்களுக்கு ஒரு முறையோ, வாரம் ஒரு முறையோ பிரித்து, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, மறுபடி கட்ட வேண்டும். பிறந்த சில நாட்களுக்குள் தொடங்கினால் இரண்டு வாரம் போலப் போதுமானதாக இருக்கலாம். மூன்று நான்கு வாரம் கழித்துத் தொடங்கினால் ஆறு வாரம், அதற்கு மேலும்கூடப் பிடிக்கும். அப்படியும் பலன் அரைகுறையாகலாம். ஆறு வாரம் கடந்தபின் வெற்றி பெற்ற டாக்டர்களும் இருக்கிறார்கள். பைக்காது மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் தாராளமாகத் தவணை கொடுக்கிறது. ஆனால் தவணை உண்டு என்று தெரிந்துவிட்டால் நாம் கடைசி நாள் வரை காத்திருக்கிற ஜாதி ஆயிற்றே! ஆகவே அதை அதிகம் விஸ்தரிக்காமல் விடுகிறேன்.

ஜப்பானிலிருந்து இந்த முறை மேற்கே போயிற்று. லண்டனில் டேவிட் கால்ட் என்ற பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் 1990-களில் இதற்கென ஒரு சிறு கருவியை உண்டாக்கினார். அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்து டாக்டர் பேர்ட், காதின் மேல் தொட்டில் போல் கவிழ்க்கிற ஒரு சாதனத்தைச் செய்து, அதன் பலன்களை 2010-ல் வெளியிட்டார். கடையில் தயாராக விற்கிற இந்தச் சாதனங்களுக்கு விலை அதிகம். ஆனால் குழாய்த் துண்டும் கம்பியும் ஒட்டு நாடாவும் எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைக்கிற சரக்குகள். இந்தச் சிகிச்சையின் அழகே அதில்தான் இருக்கிறது.

நம் ஊருக்கென்று சில இடைஞ்சல்கள் உண்டு. முதலாவது எண்ணெய். குழந்தைக்குத் தலை முழுக்க எண்ணெய் வைத்து, காலில் போட்டுக் குளிப்பாட்டுகிற வழக்கத்தில் எந்த நாடாவும் ஒரு நாளுக்கு மேல் நிற்காது. கட்டு இருக்கிற வரை தலைக்கு ஊற்றாமல், உடம்பை மட்டும் துடைத்துவிட வேண்டும். ஆயாவின் சம்மதத்தை முதலிலேயே வாங்கிவிடுவது உத்தமம். இரண்டாவது வெயில். வியர்வையில் நாடாவின் அடியில் தோல் புழுங்கி, வேர்க்குருவோ புண்ணோ வரலாம். சிவப்புக் கண்டாலோ, நீர் கசிந்தாலோ, வாடை வந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டி, கட்டைப் பிரித்துத் தோலை ஆறவிட வேண்டும். கம்பி ஓரிடத்தில் அதிகம் அழுத்தினால் அந்த மெல்லிய தோல் புண்ணாகிவிடும். இதனால்தான் வீட்டிலேயே பிளாஸ்திரி வாங்கி ஒட்டிப் பார்க்கிற கைவைத்தியம் கூடாது என்கிறார்கள். பிய்ந்து விழுந்த துண்டு குழந்தையின் வாய்க்குப் போனால் காது வைத்தியம் தொண்டை வைத்தியமாகிவிடும்.

காது வளர்த்த நாடு

காதை வளைப்பது நமக்குப் புதுக் கலையா என்ன? மதுரைக்குத் தெற்கே தண்டட்டியும் பாம்படமும் தோளைத் தொட ஆடிய பாட்டிமார்களை இன்றைய நடுவயதுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். கைக்குழந்தையாக இருக்கும்போதே காதைக் குத்தி, பஞ்சுத் திரி வைத்து, பிறகு ஓலைச் சுருள் வைத்து, பிறகு ஈயக் குணுக்கைத் தொங்கவிட்டுக் காதை வளர்த்தார்கள். பின்னால் நாகரிகம் மாறியதும் அதே பாட்டிமார்களில் பலர் தொங்கும் காதை அறுத்துத் தைத்துக்கொண்டு கம்மலுக்கு மாறினார்கள். சுஸ்ருத சம்ஹிதையில் காது குத்துவதற்கும், அறுந்த சோணையைச் சேர்ப்பதற்கும் தனி அத்தியாயமே இருக்கிறது. ஒட்டுப்போடும் முறைகள் 15 என்று கணக்கும் இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் வளர்த்தது சோணையை. அதில் குருத்தெலும்பு கிடையாது. எந்த வயதிலும் இழுத்தால் நீளும். மேல் மடல் அப்படியல்ல. நம் பாட்டிகள் கையாண்ட பொறுமையும் படிப்படியான அழுத்தமும் இந்தச் சிகிச்சைக்கும் பொருந்தும். காலக் கெடுதான் பொருந்தாது.

கேட்கிற காதும் பார்க்கிற காதும்

காது கோணலாக இருந்தால் குழந்தைக்குக் காது கேட்காதோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. வெறும் கோணலால் செவிக்கு ஒன்றும் ஆவதில்லை. உண்மையில் பயப்பட வேண்டிய இடம் வேறு. மடலே உருவாகாமல் ஒரு சிறு தோல் முண்டு மட்டும் இருக்கிற குழந்தைகள், பதினாயிரம் பிறப்புகளுக்கு இரண்டு மூன்று என்ற அளவில் பிறக்கின்றன. அவர்களில் பலருக்குக் காதுத் துவாரமும் அடைபட்டிருக்கும். அந்தப் பக்கம் கேள்வி மந்தம். இதற்குக் குழாயும் நாடாவும் பயன்படா. 1959-ல் ராட்ஃபோர்ட் டான்சர் என்ற அமெரிக்க டாக்டர் விலா எலும்பின் குருத்தைச் செதுக்கிக் காது செய்கிற முறையை வெளியிட்டார். அதிலிருந்து கிளைத்த முறைகளால் இன்று புதுக் காதே செய்து வைக்கிறார்கள். அதற்கு விலா வளர வேண்டும், ஆறு வயதுக்கு மேல் ஆக வேண்டும். ஆனால் செவிப் பரீட்சைக்கு அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது. அந்தப் பரீட்சை முதல் மாதத்திலேயே ஆக வேண்டும். கேளாத குழந்தை பேசாத குழந்தையாகிவிடும்; அதற்கும் ஒரு கெடு உண்டு.

மத்திய அரசு 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரமம் என்ற குழந்தை நலத் திட்டத்தில், பிறவிக் குறைகள் என்று ஒன்பதைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். பிறவிச் செவிடு அதில் இருக்கிறது. உதடு பிளவு இருக்கிறது. வளைந்த பாதமும் இருக்கிறது. காது மடலின் கோணல் இல்லை. உயிருக்கு ஆபத்தில்லாத ஒன்றை ஏன் சேர்க்க வேண்டும் என்று நினைத்திருக்கலாம், நியாயந்தான். இருந்தாலும் வளைந்த பாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பான்செட்டி என்ற டாக்டர் அமெரிக்காவில் அயோவா நகரத்தில் இருந்துகொண்டு, பச்சைக் குழந்தையின் பாதத்தை வாரா வாரம் மெல்லத் திருப்பி மாவுக் கட்டுப் போட்டே நேராக்கலாம் என்று காட்டினார். பல வருஷங்கள் அவர் சொன்னதைக் கேட்பார் இல்லை. இன்று உலகமெங்கும் அதுதான் முறை. காதுக்கும் அதே தத்துவம். பாதத்துக்கு நம் கவனம் கிடைத்துவிட்டது. காது வாசலில் நிற்கிறது.

இதற்காகப் புதிதாக ஒரு சேனையைத் திரட்ட வேண்டியதில்லை. வீட்டுக்கே சென்று சிசுவைப் பார்க்கும் தேசியத் திட்டத்தில் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்கள் என்று கிழமை வைத்தாற்போல் குறித்திருக்கிறார்கள். எடை பார்க்கிறார்கள், தொப்புள் பார்க்கிறார்கள், பால் குடிக்கிறதா என்று கேட்கிறார்கள். ஏழாம் நாள் போகும்போது இரண்டு காதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தால் என்ன? 42-ஆம் நாளில் பார்த்தால் பெரும்பாலும் பயன் இராது. ஏழாம் நாள்தான் சரியான நாள். அதற்குள் தானாக நிமிர வேண்டிய காதுகள் பெரும்பாலும் நிமிரத் தொடங்கியிருக்கும். நிமிராதவை எவை என்று தெரியும்.

எல்லாக் காதையும் கட்டித்தான் ஆக வேண்டுமா என்றால், இல்லை. சற்றே விரிந்த காதுடன் சௌக்கியமாக, புத்திசாலியாக, அழகாகவும் வாழ்கிறவர்கள் ஆயிரம் பேர். பெற்றோர் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், எங்கள் குடும்பக் காது" என்று சந்தோஷமாகச் சொன்னால் அதுவும் நல்ல முடிவுதான். தெரிந்து விடுவது வேறு, தெரியாமல் விட்டுவிட்டு எட்டாம் வயதில் ஆபரேஷன் மேஜையருகே நிற்பது வேறு.

செஞ்சி, அவலூர்பேட்டைப் பக்கத்துத் தாய்மார்களுக்கு: பிரசவ வார்டிலேயே குழந்தை டாக்டரிடம் காதைக் காட்டிக் கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கண்ணில் பட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடமோ, கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ சொல்லி, திருவண்ணாமலை அல்லது முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு புதுச்சேரி ஜிப்மரில் இருக்கிறது. சென்னையில் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராஜீவ் காந்தி ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. பச்சைக் குழந்தையோடு பஸ் ஏறுமுன் போன் செய்து, எந்தக் கிழமை பார்ப்பார்கள் என்று விசாரித்துவிடுவது நல்லது. குழந்தை பிறந்து எத்தனை நாள் என்பதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள். ஏணையில் போடும்போது காது மடங்கி அடியில் மாட்டிக்கொள்ளாமல் ஒரு விரலால் நிமிர்த்திவிட்டுப் படுக்க வையுங்கள். மூக்கை இழுத்துவிடுவது, காதில் ஊதுவது, எண்ணெய் விடுவது, இவை மூன்றும் வேண்டாம்; ஆயா கோபித்துக்கொண்டாலும் சரி.

காது குத்துவதை மட்டும் கட்டுப் பிரித்துச் சில மாதமாவது கழித்து வைத்துக்கொள்ளுங்கள். மேல்மலையனூர் அங்காளம்மன் சந்நிதியில் மொட்டையும் காதுகுத்தும் வேண்டிக்கொண்டவர்களுக்கு எப்படியும் அவகாசம் இருக்கிறது. ஆசாரி ஊசியைக் கையில் எடுக்கு முன், இரண்டு சோணையிலும் பேனாவால் பொட்டு வைக்கச் சொல்லி, குழந்தையை நேரே நிமிர்த்தி, இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று தாய் ஒரு முறை எதிரே நின்று பார்த்துக்கொள்ளட்டும்.